அடுத்த ஜெனரேஷன் எப்ப வருது?

கம்ப்யூட்டர் கடையில், அலமாரியில் இருக்கும் பொருளை யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் பிறக்காத பொருளைத்தான் கேட்பார்கள். புதுச்சேரியில் நேரு வீதியை ஒட்டிய ஒரு கடையில் பல வருஷமாக நிற்கிறேன். பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பூட்டுவதும் நான்தான், விற்பதும் நான்தான். ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டிலும் வருஷா வருஷம் புது ரகம் வரும். அதற்கு ரொம்ப முன்னாலேயே வதந்தி வரும். வதந்தி வந்த மறுநாள் வாடிக்கையாளர் வருவார், வாங்குவதற்கு இல்லை, விசாரிப்பதற்கு. நீங்களும் செல்போன் கடையிலோ டிவி கடையிலோ நின்று வாய் வலிக்கப் பதில் சொன்னவர் என்றால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பொறுமைசாலி

லாஸ்பேட்டையில் ஒரு பேராசிரியர். மகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வந்தார். "மூணு மாசத்துல புது ப்ராசசர் வருதாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது. "மொத லாட்ல கோளாறு இருக்கும், கொஞ்சம் செட்டில் ஆவட்டும்" என்றார். செட்டில் ஆனது. அதற்குள் அடுத்ததைப் பற்றிச் செய்தி வந்துவிட்டது. அதற்கு சாக்கெட்டே வேறாம், பழைய மதர்போர்டில் உட்காராதாம். ஆகவே இப்போது எதை வாங்கினாலும் மாட்டிக்கொள்வோம் என்று எனக்கே பாடம் எடுத்தார். அவர் பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். மகள் இதற்கிடையில் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட் எல்லாம் செய்து, இன்ஜினியரிங் முடித்து, ஒரு சின்னக் கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டாள். கம்ப்யூட்டரை நாமே கொண்டுபோக வேண்டிய வேலை.

போன மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். மகள் உள்ளே நுழைந்ததும் கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு லேப்டாப்பைக் காட்டி, "இத பேக் பண்ணிடுங்கக்கா" என்றாள். பேராசிரியர் பதறிப்போய், "அவசரப்படாதம்மா, தீபாவளிக்குப் புதுசு வருது" என்றார். அவள் அப்பாவின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "புதுசு வந்ததும் ஒனக்கு வாங்கித் தரேம்ப்பா. எனக்கு திங்கக்கெழம வேலைக்குப் போவணும்."

'வரை'

வருஷத்துக்கு ஒருமுறை, எங்களைப் போன்ற கடைக்காரர்களை எல்லாம் கம்பெனிக்காரர்கள் ஓட்டலுக்குக் கூப்பிட்டு, இனி வரப்போகிற சிப்பைப் பற்றிப் படம் போட்டுக் காட்டுவார்கள். சோறு நன்றாக இருக்கும். படம் ஒரே மாதிரிதான் இருக்கும்: இடது பக்கம் குட்டையாக ஒரு கம்பம், அது போன வருஷத்துச் சிப்; வலது பக்கம் கூரையை முட்டும் கம்பம், அது வரப்போவது. மேலே 'இரு மடங்கு வேகம்' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் 'வரை' என்று எறும்பு சைஸில் ஒரு சொல். எந்த வேலையில் இரு மடங்கு என்று கேட்டால், அதைத் தேநீர் இடைவேளையில் பேசலாம் என்பார்கள்.

இந்த முறை விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு கடைக்காரர் எழுந்து, "தம்பி, போன வருஷமும் இதே படத்ததான காமிச்சீங்க? அப்ப ஒசரமா இருந்ததுதான இப்ப குட்டையா நிக்குது?" என்றார். மேடையில் இருந்தவர் கொஞ்சமும் அசரவில்லை. திரும்பித் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்ல சார், கலர் மாத்திருக்கோம்."

எங்கே இருக்கிறது?

இப்போது வரும் ப்ராசசர்களில் ஏஐ வேலைக்கென்று தனியாக ஒரு பகுதி வைத்துவிடுகிறார்கள். பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுகிறார்கள். ஸ்டிக்கரைப் படித்துவிட்டு ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர், "இதுல ஏஐ எங்கம்மா இருக்கு, ஆன் பண்ணிக் காட்டு" என்றார். சிப்புக்குள்ளே இருக்கிறது சார், கண்ணுக்குத் தெரியாது என்றேன். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் கோயிலில்தான் நம்புவேன் என்பது போல என்னைப் பார்த்தார். சரி என்று கேமராவைப் போட்டு, வீடியோ காலில் நமக்குப் பின்னால் இருப்பதை அது தானாகவே மங்கலாக்குவதைக் காட்டினேன். முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி சொன்னார்: "இதுக்குப் புது கம்ப்யூட்டரு எதுக்கும்மா? நான் கண்ணாடியக் கழட்டுனாலே அப்படித்தான் தெரியுது."

தேர் நிற்குமா?

வீராம்பட்டினத்திலிருந்து அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மா மார்க்கெட்டில் மீன் வியாபாரம். மகன் கல்யாணம், காதுகுத்துக்கு வீடியோ எடுத்து எடிட் செய்கிறவன். அந்த வருஷம் ஆடித் தேருக்கு, தூரத்தில் நிற்பவர்களும் பார்க்கும்படி பெரிய திரையில் நேரடியாகக் காட்டும் பொறுப்பை ஊரில் இவனிடம் கொடுத்திருந்தார்கள். இவனுடைய பழைய கம்ப்யூட்டரோ இரண்டு கேமராவைச் சேர்த்துப் போட்டாலே உறைந்துவிடும். அம்மன் பாதி வீதியில் உறைந்து நின்றால் ஊர் சும்மா விடுமா? கிராபிக்ஸ் கார்டு மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அவனுக்கு வேண்டியது ஐப்பசியில் வரப்போகிற கார்டு. அதில் வீடியோவுக்கென்று இரண்டு தனி இன்ஜின் இருக்கிறதாம். என்னிடம் இருந்ததில் ஒன்றுதான். "ஒண்ணு வச்சிகினு ரிஸ்க் எடுக்க முடியாதுக்கா" என்றான். இதைக் கேட்டுக்கொண்டே இருந்த அம்மா, "நீ சொல்ற கார்டு வர்ற வரைக்கும் தேரு நிக்குமாடா?" என்று கேட்டு, என் கையில் இருந்த பெட்டியை வாங்கித் தன் கூடையில் வைத்துக்கொண்டாள்.

தேரன்று நானும் போயிருந்தேன், சாமி கும்பிட என்று சொல்லிக்கொண்டு. உண்மையில் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர் நிலைக்கு வருகிற வரை படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஐப்பசியில் அந்தப் புதுக் கார்டும் வந்தது. மகன் வந்து அலமாரி முன்னால் நின்றான். பின்னாலேயே அம்மாவும் வந்துவிட்டாள். மாற்றிக்கொள்ளலாமா என்று பேச்சுக்குக் கேட்டேன். அவள் மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தேரு அடுத்த ஆடிக்குத்தாம்மா. அது வரைக்கும் கார்டும் பழசாவே இருக்கட்டும், எம்புள்ளையும் பழைய புள்ளையாவே இருக்கட்டும்."

மிசேவின் செங்கல்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா என் வாடிக்கையாளர். நான் மிசே என்றுதான் கூப்பிடுவேன், பிரெஞ்சில் ஐயா என்பது போல. அவருக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு: பாரீஸில் இருக்கும் பேரனை வீடியோ காலில் பார்க்க. ஆனால் என்ன வாங்க வேண்டும் என்று சொன்னதும் அந்தப் பேரன்தான். அவன் சொன்ன கிராபிக்ஸ் கார்டு செங்கல் அளவு. கேபினெட்டில் நுழையவில்லை; கேபினெட்டை மாற்றினோம். பவர் சப்ளை தாங்கவில்லை, அதையும் மாற்றினோம். வீட்டில் கொண்டுபோய் ஏசியோடு சேர்த்துப் போட்டதும் வீடே இருண்டது. எலக்ட்ரீஷியன் வந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தார். இனி வருகிற கார்டுகள் இன்னும் கரன்ட் குடிக்கும் என்று நான் சொன்னபோது மிசே பயப்படவில்லை. "எம்பேரன் மொகம் தெளிவாத் தெரியணும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தெரிந்தது.

அப்புறம் பேரன் லீவுக்கு நேரிலேயே வந்தான். மிசே அவனுக்காகச் சமைக்க ஆள் வைத்திருந்தார், கடற்கரைக்கு நடக்கப் புதுச் செருப்புகூட வாங்கியிருந்தார். லீவு முடிகிற நேரத்தில் ஒரு கேபிள் வாங்க வந்தவரிடம், பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரை கேம்தானாம். வருத்தமாகச் சொல்லவில்லை, கடற்கரையில் காற்று இல்லை என்பது போலச் சொன்னார்: "அங்க இருந்தப்ப வாராவாரம் மொகத்தப் பாத்தேன். இப்ப தெனமும் முதுகப் பாக்குறேன்."

மடியில் வந்த கம்ப்யூட்டர்

கலைவாணி, சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் அச்சு செய்யும் தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியர். அங்கே அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு டிசைனைத் திருப்பிப் பார்க்க மவுஸை அசைத்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு பழைய கம்ப்யூட்டர். மேனேஜரிடம் புதுசு கேட்கும்போதெல்லாம், "அடுத்த ஜெனரேஷன் வரட்டும், ஒரேயடியா நல்லதா வாங்கிடலாம்" என்பார். அடுத்தது வந்தபோது சரக்கே இல்லை. மெமரி, கார்டு எல்லாவற்றையும் ஏஐ கம்பெனிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டன. அதற்குள் இன்னும் அடுத்ததைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டார் மேனேஜர்.

ஒரு காலையில் அந்தக் கம்ப்யூட்டர் அடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் வாடிக்கையாளருக்கு டிசைன் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போய்விடும். கலைவாணி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கு வந்துவிட்டாள். சட்டை முழுக்கத் தூசி. ஹார்டு டிஸ்க் மட்டும் உயிரோடு இருந்தது. கடையில் இருந்த ப்ராசசர், கடையில் இருந்த கார்டு, அவற்றை வைத்து ஒன்று பூட்டிக் கொடுத்தேன். என் மேஜையிலேயே உட்கார்ந்து வேலை செய்தாள். டிசைன் மவுஸ் சொன்ன பக்கமெல்லாம் திரும்புவதைப் பார்த்து ஒரு நிமிஷம் சும்மா திருப்பிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் ஃபைல் போய்விட்டது, ஆர்டரும் தங்கிவிட்டது.

மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, என்ன வாங்கினாள் என்பதையும் சொன்னாள். அவருக்கு நிம்மதி. பாராட்டினார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "நீ வாங்குனது போன வருஷத்து மாடலாமே. இதுக்கு அடுத்தது எப்ப வருதுன்னு கடைல கேட்டியா?" என்றார். கலைவாணி பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அடுத்த இன்ஜினியர் எப்ப வருவாங்கன்னு முதல்ல விசாரிச்சு வைங்க சார்."

ஆக, வரப்போகிற ப்ராசசரிடமும் கிராபிக்ஸ் கார்டிடமும் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: போனதைவிட வேகமாக ஓடும், போனதைவிடச் சூடாகும், நீங்கள் அதை வாங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் அதைவிட நல்லது ஒன்று வருவதாகச் செய்தி வந்துவிடும்.