நான் சொன்ன சாட்சி

நாகலாபுரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து சித்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் நானும் என் கணவரும் மட்டும். பிற்பகல் வெயில், வயிறு நிறையப் பிரியாணி. புத்தூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். அவர் ஓட்டினால் எனக்குப் பயமே இருந்ததில்லை. பன்னிரண்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

வடமாலபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய சத்தத்தில் விழித்தேன். கார் புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. என் இடது முன்கை இரண்டாக மடிந்து தொங்கியது. மரத்திலிருந்து நாலு அடி தள்ளிக் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். என் கணவருக்கு நெற்றியில் சின்னக் காயம்தான்.

"கன்னுக்குட்டி குறுக்க வந்துடுச்சி. இல்லன்னா உன்ன இப்டி ஆக்குவனா?" என்றார்.

நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். பார்க்க வந்த எல்லோரிடமும், வாயில்லா ஜீவனைக் காப்பாற்றத்தான் அவர் வண்டியைத் திருப்பினார் என்று நானே சொன்னேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் போகும் தமிழ் சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். ஒரு உயிரும் போகாமல் கர்த்தர் காத்தார் என்று அழுதேன். ஒரு கையில் கட்டும் மறு கையில் பைபிளும் இருந்ததால் மைக்கை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். நான் முடித்ததும் சபையோடு சேர்ந்து அவரும் ஆமென் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் என் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"எனக்கு மனசே ஆறல அண்ணி. அன்னைக்கி அண்ணனுக்கு எங்க புது வீட்டு டைல்ஸ வீடியோ கால்ல காட்டிக்கினு இருந்தேன். ரோட்ட பாருண்ணான்னு சொன்னேன். இன்னொருவாட்டி காட்டுன்னுச்சி. அப்பறம் உங்க அலறல்தான் கேட்டுது."

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் அவள் பேசினாள். நான் ரப்பர் பேண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் பின்னி முடித்தாள்.

அவள் போனபிறகு அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "உன் கைய பாத்ததும் வாயில வந்தத சொல்ட்டேன்" என்றார்.

"அன்னைக்கி பயத்துல சொன்ன. சரி. நான் சபையில நின்னு அழுதனே, அப்ப ஏன் சும்மா இருந்த?"

போன் பார்த்து ஓட்டியதை என்றாவது மன்னித்திருப்பேன். என் வாயாலேயே அந்தப் பொய்யைப் பரப்பவிட்டுப் பக்கத்தில் நின்றாரே, அதுதான் ஆறவில்லை.

நீயே சபையில் சொல்லிவிடு என்று இரண்டு வாரம் கேட்டேன். தலை குனிந்துகொண்டார். மூன்றாம் வாரம் நான் தனியாகப் போனேன். கன்றுக்குட்டி எதுவும் வரவில்லை, அவர் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார், தெரியாமல் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டேன் என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. வாசலில் ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, வீட்டு விஷயத்தை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டாம் என்றார். கொய்யா விற்ற பெண்ணின் மேல் கார் ஏறியிருந்தால் அது யார் வீட்டு விஷயம் என்று கேட்டேன்.

வீட்டில் அவர் சமைத்து வைத்திருந்தார்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன்."

அதன் பிறகு அவர் சபைக்கு வருவதில்லை. இப்போது போனைப் பின் சீட்டில் போட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறார் என்று நாத்தனார் சொல்கிறாள். இருக்கலாம். நான் திருப்பதிக்கு வேலைக்கு பஸ்ஸில் போகிறேன்.