ஆரோக்கியம்மாளுக்குப் பாண்டியில் ஓர் அறை

ஒரு ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. மலைக்காட்டிலிருந்து விறகு சுமந்து வரும் முனியம்மாள் ஆறாம் நாள் காலையில் எங்கள் மாதா கோயில் வாசலில் சுமையை இறக்கிவிட்டு நின்றாள். விறகில் தண்ணீர் சொட்டியது. அதற்கு முன் நாலு வீடு ஏறி இறங்கியிருந்தாள், ஒருவரும் வாங்கவில்லை. சாமியார் பங்களாவில் சமையல் செய்த ஆரோக்கியம்மாள் வெளியே வந்து விறகைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ள போட்டுட்டுப் போ" என்று சொல்லி, காய்ந்த விறகுக்கு என்ன விலையோ அதையே கொடுத்தாள். அது காய இரண்டு வாரம் ஆனது. அதுவரை தன் வீட்டு விறகை விடியுமுன் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து சாமியாருக்குச் சமைத்தாள். அந்த நேரத்தில் நான் கோயில் கூட்டிக்கொண்டிருப்பேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கு மேற்கே நாலு மைல். வேதக்காரர்கள் நாற்பது குடி இருப்போம். மற்றவர்களும் நாங்களும் ஒரே மாதிரி கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுப் பிழைக்கிறவர்கள்தான். ஆரோக்கியம்மாள் பதினேழு வயதில் பங்களாக் குசினிக்கு வந்தவள். அப்போது இருந்தவர் லெயோன் சாமியார், பிரான்சு தேசத்துக்காரர். எங்கள் கோயிலைக் கட்டியவர் அவர்தான். அறுபத்தாறில் இறந்து, கோயில் வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த சாமியார்களுக்கும் ஆரோக்கியம்மாளே சமைத்தாள். புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டான். பாக்கியமேரி ஒரே மகள்.

ஆரோக்கியம்மாளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. முட்டை வேக ஒரு விசுவாசப் பிரமாணமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் சொல்லி முடிக்கிற நேரம் என்று கணக்கு வைத்திருந்தாள். அந்த முட்டையை எந்தச் சாமியாரும் குறை சொன்னதில்லை. நடக்கிற தூரத்துக்கும் அதே கணக்குத்தான். எங்கள் ஊரிலிருந்து பஸ் ரோடு அவளுக்கு ஒரு ஜெபமாலை தூரம்.

பாக்கியமேரி எழுபத்தெட்டில் பாண்டிச்சேரியில் உள்ள ஓர் அடைப்பு மடத்தில் சேர்ந்தாள். அடைப்பு மடம் என்றால், உள்ளே போன கன்னியர் வெளியே வருவதில்லை. கூட்டிப்போக யாருக்கும் தோது வராமல் ஆறு வருடம் தாய் மகளைப் பார்க்கவில்லை. எண்பத்து நாலு ஆனியில் மடத்துத் தலைமைத் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளன்று, சாகிறவரை மடத்திலேயே இருப்பதாகப் பாக்கியமேரி கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். பூசை காலை ஐந்தரைக்கு. பூசை தொடங்கியதும் வாசலைச் சாத்திவிடுவார்கள். பூசையில் இருந்த வீட்டாருக்கு மட்டும் பிறகு ஒரு மணி நேரம் மகளோடு பேச அனுமதி. அதை விட்டால் ஒரு வருடம் கழித்துத்தான். மடத்தில் தங்க இடமில்லை.

"முந்தின நாளே போயி அங்கயே எங்கயாச்சும் படுக்கோணும்" என்றாள் ஆரோக்கியம்மாள்.

அவளுடைய கொழுந்தன் இன்னாசிராஜ் தர்மபுரியில் ஒரு மண்டியில் வேலை பார்த்தான். எங்களில் பாண்டியைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். "பஸ் ஸ்டாண்டு கிட்ட லாட்ஜ் இருக்குதுங்க அண்ணி. ரூமு இருபது ரூபா. ஃபேன் இருக்குது."

"மடத்துக்கு எவ்ளோ தூரம்?"

"ரெண்டு மைலு இருக்கும்."

"விடிகாலை நாலரைக்கு ரிக்ஷா வருமா?"

"வரும்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறதுக்கெல்லாம் நான் அவ்ளோ தூரம் வரமாட்டேன்" என்றாள் ஆரோக்கியம்மாள். "பக்கத்துல பாரு."

இன்னாசிராஜ் பாண்டிக்குப் போகிறான் என்ற செய்தி டீக்கடைக்கும் எட்டியது. "ஜெபம் பண்ணவா போற?" என்று கேட்டான் கடைக்கார முனிராஜ். "ரெண்டு பொம்பளைங்கள கூட்டிட்டுப் போனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு ஏற்பாடா?"

"திரும்பி வந்ததும் உன் மூஞ்சியில ஊதிக் காட்டறேன், மோந்து பாரு" என்றான் இன்னாசிராஜ்.

ரெண்டாவது பொம்பளை நான். துணைக்கு வரச் சொல்லி ஆரோக்கியம்மாள் கேட்டிருந்தாள்.

மடத்துத் தாயாருக்கு மறுபடி எழுதினோம். அவர் ஒரு விலாசம் அனுப்பினார். மதாம் கிளோத்தில் என்று ஒரு வயதான அம்மாள், கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். கடற்கரைப் பக்கத்துப் பழைய தெருவில் வீடு. மடத்துக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவார், மடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. அவருக்கு நேராக எழுதிக் கேட்டுக்கொள்ளவும் என்று இருந்தது.

எழுதுகிற வேலை எனக்கு வந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து குண்டாக இருக்கும். பங்குச் சாமியார் சேலத்துக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். வெறும் காகிதத்தில் எழுதினால் மொட்டைக் கடிதாசி மாதிரி இருக்கும், பெரிய இடத்துக்குக் கோயில் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்றாள் ஆரோக்கியம்மாள். பூசை உடுப்பு வைக்கிற பீரோவில் ஒரு கட்டு இருந்தது. லெயோன் சாமியார் காலத்துக் காகிதம். கெட்டியானது, மேலே நீல எழுத்தில் அவர் பேரும் கோயில் பேரும் அச்சடித்திருந்தது. எங்களுக்கு அது கோயில் காகிதம், அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேர், ஏழாம் தேதி மாலை வந்து எட்டாம் தேதி கிளம்புகிறோம், சின்ன அறை போதும், வருகிறவர்களில் ஒருவர் லெயோன் சாமியாருக்குச் சமைத்தவர் என்று எழுதி அனுப்பினேன்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. ஒன்றும் படிக்க முடியவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வெங்கடாசலத்திடம் கொண்டுபோனோம்.

"இது இங்கிலீசு இல்லம்மா."

"இங்கிலீசு எழுத்துதானுங்களே?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"எழுத்து அதுதான், பேச்சு வேற. தேதி சரியா இருக்குது. மூணு பேருன்னு தெரியுது. இருபதுன்னு ஒண்ணு போட்டிருக்குது, வாடகையா இருக்கும். மேல லெயோன்னு உங்க பழைய சாமியார் பேரு எழுதியிருக்குது."

ஆரோக்கியம்மாள் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவரு பேரு அங்க வரைக்கும் தெரிஞ்சிருக்குது பாரு" என்றாள். எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பிறக்கிற பிள்ளைகளை இன்னமும் அவர் கல்லறையில் கிடத்தித்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

ஏழாம் தேதி விடிகாலையில் கிளம்பினோம். அரூர், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக நாலு பஸ். எல்லாவற்றிலும் வேளாங்கண்ணிக்குப் போகிற கூட்டம். பாண்டியில் இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மஞ்சள் சுவர், உயரமான கதவு. ஆரோக்கியம்மாள் முதலில் மடத்து வாசலுக்குப் போய், அங்கிருந்து ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்து வந்து கதவைத் தொட்டாள். "பதிமூணு அருள் நிறைந்த மந்திரம்" என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

கதவைத் திறந்த மதாம் கவுன் போட்டிருந்தார். எழுபது வயதிருக்கும், ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தார். எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"சாமியார் எங்க?"

"எந்தச் சாமியாருங்க?" என்றான் இன்னாசிராஜ்.

"கடுதாசி எழுதினவர். பேர் லெயோன்."

"அவரு செத்துப் பதினெட்டு வருசம் ஆச்சுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள். "கடிதாசி இவ எழுதினதுங்க."

மதாம் என்னைப் பார்த்தார். "எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மேல சாமியார் பேர் இருந்துச்சு, கீழ தேதியும் மூணுன்னு நம்பரும் இருந்துச்சு. பிரான்சுலேர்ந்து வந்த சாமியார் ஒருத்தர் வர்றார்னு நான் மூணு நாளா ரூமைக் கழுவறேன். செத்தவர் பேர்ல ரூம் கேட்டீங்களா?"

திறந்த கதவு வழியாக அந்த அறை தெரிந்தது. கொசுவலை கட்டிய கட்டில், வெள்ளை விரிப்பு, பீங்கான் கூஜா.

"தெரியாம செஞ்சதுங்க. எங்க தப்புதானுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"பஸ் ஸ்டாண்டு கிட்ட லாட்ஜ் நிறைய இருக்கு. போங்க."

"அண்ணி, அங்க எல்லாம் ரொம்பிப் போச்சு" என்று இன்னாசிராஜ் மெதுவாகச் சொன்னான். "இறங்கறப்பவே விசாரிச்சேன். வேளாங்கண்ணிக் கூட்டம்."

மதாம் கதவில் கை வைத்தார். ஆரோக்கியம்மாள் கெஞ்சவில்லை. மூட்டையைத் தூக்கப் போனவள் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"மதாம், ப்ருலே" என்றாள்.

லெயோன் சாமியார் சோறு தீய்ந்தால் சொல்கிற வார்த்தை அது. மதாம் திரும்புவதற்குள் ஆரோக்கியம்மாள் அவரைத் தாண்டி, வாசனை வந்த பக்கமாக நடந்து, குசினிக்குள் போய்விட்டாள். நாங்களும் பின்னால் போனோம். சாமியாருக்காக வைத்த சூப் அடிபிடித்துக்கொண்டிருந்தது. முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கி, அடியைக் கிளறாமல் மேலாக வேறு பாத்திரத்தில் ஊற்றினாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "தப்பிச்சுது" என்றாள்.

மதாம் பிரெஞ்சில் என்னவோ நீளமாகப் பேசினார்.

"அவ்ளோ வேகமாப் பேசினாப் புரியாதுங்க. எங்க சாமியாரு திட்டினா நிறுத்தி நிறுத்தித் திட்டுவாரு."

மதாம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "அவருக்கு எத்தனை வருசம் சமைச்சே?" என்றார்.

"பதினஞ்சுங்க."

முன் அறையை அவர் தரவில்லை. அது சாமியார்களுக்கு உள்ளது, கொடுத்தால் பழக்கம் கெடும் என்றார். குசினிக்குப் பின்னால் சாமான் அறை இருந்தது, அதைத் தந்தார். வாடகையைப் பாதியாகக் குறைத்தார். அறை நிறையக் காலி ஒயின் பாட்டில்கள். "இதுக்கு நடுவுல ஜெபமாலை சொன்னோம்னா முனிராஜ் நம்புவானா?" என்றான் இன்னாசிராஜ். சூப்பை நாங்கள் நாலு பேரும் குடித்தோம்.

காலையில் மடத்துக் கோயில் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். பீடத்துக்கு இடது கைப் பக்கம் ஒரு கம்பிக் கிராதி இருந்தது. கன்னியர் அதற்கு அப்பால் இருந்தார்கள். எங்களுக்கு ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. நடுவில் ஒரு குரல் தனியாக வார்த்தைப்பாடு சொன்னது. அதுவரை தலைகுனிந்திருந்த ஆரோக்கியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பூசை முடிகிறவரை விடவில்லை.

சந்திக்கிற அறையிலும் கிராதிதான். ஆனால் அங்கே முகம் தெரிந்தது.

"அம்மா, பல்லு ஒண்ணு போயிடுச்சா?" என்றாள் பாக்கியமேரி.

"ரெண்டு போச்சு. ஒண்ணு உள்ள."

"சித்தப்பா பெருத்துட்டாரு."

"மண்டியில உக்காந்தே சாப்புடறான். உனக்கு இங்க சோத்துல உப்புப் போடறாங்களா?"

"போடறாங்கம்மா."

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. மணி அடித்ததும் பாக்கியமேரி எழுந்து, தலை தாழ்த்திக் கும்பிட்டு, உள்ளே போனாள். ஆரோக்கியம்மாள் அழவில்லை. வெளியே வந்ததும் வாசலில் இருந்த பூக்காரியிடம், "இந்தக் கோயில்ல தினமும் பூசை உண்டா? யாரு வேணாலும் வரலாமா?" என்று கேட்டாள். உண்டு, வரலாம் என்றாள் அவள். "தினமும் உள்ள இருக்கற கன்னியருங்களே பாடுவாங்களா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டாள்.

நாங்கள் கிளம்பும்போது மதாம், "என் குசினிக்காரி தன் மகன் வீட்டோட போயிட்டா. நீ இருக்கிறியா?" என்றார். ஆரோக்கியம்மாள், ஊரில் சாமியாரைப் பட்டினி போட முடியாதுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எண்பத்தாறில் எங்களுக்குப் புதுச் சாமியார் வந்தார். அவர் கேஸ் அடுப்பும், சமைக்க ஒரு தம்பியும் கூடவே கொண்டுவந்தார். ஆரோக்கியம்மாளை அவர் மரியாதையாகத்தான் நிறுத்தினார், குறை சொல்வதற்கில்லை. அவள் ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். எட்டாம் நாள் என்னிடம் வந்து, "மதாமுக்கு ஒரு கடிதாசி எழுது, வெறும் காகிதமே போதும்" என்றாள். மதாமுக்குப் படித்துச் சொல்ல யாரோ கிடைத்திருக்க வேண்டும். வா என்று பதில் வந்தது.

பாண்டிக்குப் போன பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மூன்று வருடம் அங்கே சமைத்தாள். ஒரு நாள்கூடப் பூசை தவறவில்லை என்று பாக்கியமேரி எழுதினாள். எண்பத்தொன்பது தவக்காலத்தில் இரண்டு நாள் காய்ச்சலில் ஆரோக்கியம்மாள் போய்விட்டாள். அடக்கமும் அங்கேயே.

அவள் கிளம்பிய அன்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரை நான் போயிருந்தேன். திருவண்ணாமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனசு கேட்காமல், "ஏங்கக்கா, வருசத்துக்கு ஒரு தடவைதான் முகத்தைக் காட்டுவாங்க. அதுக்கு எதுக்கு ஊரை விட்டு அங்க போயிக் கெடக்கோணும்?" என்று கேட்டேன்.

பஸ் கிளம்பிவிட்டது. அவள் கம்பி வழியாகச் சொன்னாள்:

"அவ பாடறது எனக்குக் கேக்கும். நான் இருமினா அவளுக்குக் கேக்கும். போதும் போ."