பஸ்ஸில் போட்ட மாத்திரை

மனநோய்க்கான மாத்திரையை நான் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். வீட்டில் ஆள் இருந்தால் போடமாட்டேன். அப்படி விட்டு விட்டுப் போட்டதில், தேறி வந்த நான் மறுபடியும் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பும்போது கலைச்செல்வி அக்காவை எனக்குத் துணையாக அனுப்பினார்கள். அவரும் இதே நோயில் கிடந்து மீண்டவர். எங்களைப் போன்றவர்களுக்குத் துணையாக இருப்பதுதான் ஆஸ்பத்திரியில் அவர் வேலை. வழியெல்லாம் அறிவுரை சொல்லப்போகிறார் என்ற எரிச்சலோடுதான் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். அவரோ சினிமாக் கதை பேசிக்கொண்டு வந்தார்.

மதியம் ஆனதும் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்தார். அதே சீட்டில் அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாத்திரம்மா அது?”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சத்து மாத்திரை என்று சொல்லிவிடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“எனக்கு மனசு கொழம்பிப் போச்சுங்க. அதுக்குப் போட்டுக்கினு வர்றேன்” என்றார் அக்கா, சாதாரணமாக.

அந்த அம்மா நகர்ந்து உட்காரவில்லை. “வெறும் வயித்துல போடாதம்மா” என்று ஒரு கை மல்லாட்டையை நீட்டினார்.

அக்கா அதில் பாதியை என் மடியில் போட்டார். ‘நீயும் போடு’ என்று சொல்லவே இல்லை. நான் மல்லாட்டையைத் தின்று முடித்து, என் அட்டையையும் வெளியே எடுத்தேன்.

இப்போது என் மாத்திரை டிவி பக்கத்தில் இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லப் பதில் வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.