மைக்கு கனக்குமோ

பவானேஸ்வரியின் ஸ்டூடியோ ஒரு பழைய கஞ்சில் கார். ஜாசின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் அதை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வியர்வை வழிய வழியப் பாடுவாள். கைப்பேசியிலேயே உறுமிச் சத்தத்தைக் கோத்துக்கொள்வாள். பதினான்கு வருடமாகப் பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. பாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும். முன்பெல்லாம் பாட்டு வெளியே வர வேண்டுமென்றால் கோலாலம்பூரில் யாரையாவது பிடிக்க வேண்டும். இப்போது யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை.

'அண்டா தூக்குற கைக்கு மைக்கு மட்டும் கனக்குமோ' என்று கோயில் திருவிழாவைப் பற்றி அவள் பாடியது ஒரே வாரத்தில் கிள்ளான்வரை போனது. பெண்கள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். "தோட்டத்துக்காரிக்கு வாயப் பாரு" என்று திட்டியவர்களும் உண்டு. அதையும் அவள் அழிக்கவில்லை.

கோயில் தலைவர் பரமேஸ்வரன் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாட்ட எடுத்துட்டு, மன்னிப்பு கேட்டு வீடியோ போடும்மா. இல்லன்னா அஞ்சாம் நாள் உபயம் ஒங்களுக்கு இல்ல."

முப்பது வருடமாகத் திருவிழாவின் ஐந்தாம் நாள் பூசை அவள் அப்பா பெயரில்தான் நடக்கிறது. அப்பா போன பிறகும் நோட்டீஸில் அந்தப் பெயர் வந்துகொண்டிருந்தது.

"நான் எடுத்தாலும் ஊர்ல எல்லார் போன்லயும் இருக்கே, அண்ணே."

"அப்ப மன்னிப்பாவது கேளு லா."

அவள் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "லைவ் போட்டுட்டேன். பொம்பளைங்க ஏன் மைக் பிடிக்கக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க. கேட்டுட்டு நான் மன்னிப்பு கேக்கறேன்."

பரமேஸ்வரன் தன்னையறியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டார். "வழக்கம்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். திரையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா நோட்டீஸ் வந்தது. ஐந்தாம் நாளுக்கு நேரே வேறொருவர் பெயர். அவள் அம்மா அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பவானேஸ்வரி எடுத்துப் பிரித்துப் படம்பிடித்து, "எங்கப்பா பேரு இங்க இருந்துச்சு" என்று எழுதிப் போட்டாள்.

கோயில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் நளினி அக்கா அழைத்தாள். "ஏண்டி, ஒங்கப்பா பேரே இல்லாத நாளுக்குச் சமைக்க வருவியா?"

"வரேன்க்கா. ஆனா வாய மூடிக்கிட்டுச் சமைக்க மாட்டேன்."

"யாருடி மூடச் சொன்னா? எனக்கு இன்னும் அந்தப் பாட்டுல ரெண்டாவது அடி வரல, சொல்லிக் குடு."