திருப்பிப் போட்ட அச்சு

என் முதலாளிக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இருந்ததில்லை. கறம்பக்குடியில் கடலை மண்டி வைத்திருந்தார். மழை எப்போது வரும், டில்லிக்காரர்கள் எங்கே தப்புச் செய்கிறார்கள், அடுத்த வீட்டு மாடு ஏன் சினை பிடிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. மகாராஜா இறங்கிப்போன இடத்தில் தன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதுபோலத்தான் மண்டியில் உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. முன்பாதி கார், பின்பாதி பலகை அடித்த திறந்த தொட்டி. மூன்று பேர் வைத்திருந்து மூன்று பேரும் கைகழுவிய வண்டி. அதற்கு நான் டிரைவர். பின்னால் பன்னிரண்டு மூட்டை ஏற்றினால் வண்டி முனகும். இவர் இருபது ஏற்றுவார். அது போதாதென்று முன்சக்கரத்து மட்கார்டு இரண்டிலும் ஒவ்வொரு மூட்டை, பானட்டின் மேல் ஒன்று. எனக்கு ரோடு தெரிவதற்கு நடுவில் ஒரு சாண் இடம் விடுவார். அதையே பெரிய தயவு மாதிரி விடுவார். முன் அச்சு வளையாமல் என்ன செய்யும்? இரண்டு தடவை வளைந்தது. இரண்டு தடவையும் கொல்லன் காய்ச்சி அடித்து நிமிர்த்தினான். மூன்றாம் தடவை அவனே கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

நான் ஏன் அந்த ஆளிடம் கிடந்தேன் என்று கேட்கலாம். என் லைசென்ஸ் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்தக் காலத்தில் முதலாளிமார் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று, 'பத்திரமா இருக்கட்டும்' என்று வாங்கிப் பூட்டிவிடுவார்கள். டிரைவர் ஓடிப்போக முடியாது. போலீஸ் நிற்கிற ரோட்டுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஆனி மாதம் எனக்கு ஒரு வழி திறந்தது. புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். மேனேஜர் என்னை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆவணி கடைசியில வா. லைசென்ஸக் கையில கொண்டாரணும். அதுல ஒரு கேஸு ஏறியிருந்தாலும் இந்தப் பக்கம் வராதே" என்றார். அதாவது இரண்டு மாதம் நான் எதிலும் மோதக் கூடாது. அந்தக் காகிதமும் என் கைக்கு வர வேண்டும். வேறு எதையும் நான் அப்போது நினைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மச்சினன் புது அச்சோடு வந்து இறங்கினான். யுத்தக் காலத்தில் அவன் பட்டாளத்தில் இருந்தவன். என்ன வேலை என்றால் ஸ்டோரில் கம்பளி எண்ணிய வேலை. ஆனால் பேச்சைக் கேட்டால் பர்மாவை இவன்தான் மீட்டுக் கொடுத்தான் என்று தோன்றும். யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகளை டிஸ்போசல் ஏலத்தில் தள்ளிவிட்டிருந்தார்கள். திருச்சியில் பழைய இரும்பு வியாபாரிகளிடம் அவை கண்டம் கண்டமாகக் கிடந்தன. அதில் ஒரு அமெரிக்க லாரியின் முன் அச்சைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தான்.

"மிலிட்டரி மால் மச்சான். இதுல யானைய ஏத்துங்க, வளையுதான்னு பாப்பம்" என்றான்.

முதலாளி அச்சை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். மணி மாதிரிச் சத்தம் வந்தது. அத்தோடு பரீட்சை முடிந்தது.

புதுக்கோட்டையில் ஒரு பட்டறை. அங்கே இருந்த மிஸ்திரி வேலை தெரிந்தவர்தான். அவரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வேலை தெரிந்தும், பணக்காரன் குரலைக் கேட்டால் முதுகெலும்பு கழன்றுவிடும் ஜாதி. முதலாளி ஜோசியரிடம் கேட்டிருந்தார். ஆனி கடைசி வெள்ளி விட்டால் ஆடி வந்துவிடும், புதுசாக எதுவும் செய்யக் கூடாது, வெள்ளி காலை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் புதுச் சக்கரம் தரையைத் தொட்டாக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பழைய அச்சைக் கழற்றினார்கள். வெள்ளி விடிந்து புது அச்சை உள்ளே தள்ளிய பிறகுதான் மிஸ்திரி தலையைச் சொறிந்தார்.

அமெரிக்காக்காரன் லாரியில் டிரைவர் இடது பக்கம் உட்காருவான். ஸ்டீரிங்கிலிருந்து வரும் கம்பியை மாட்டுகிற கை, அச்சின் இடது முனையில் இருந்தது. நம் வண்டியில் டிரைவர் வலது பக்கம். கம்பி ஒரு பக்கம், மாட்ட வேண்டிய கை மறுபக்கம். திருச்சியில் வாங்குகிறபோது யானையைப் பற்றி யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

"அந்தக் கையக் கழட்டி, அடிச்சு மாத்தி, வலது பக்கம் பொருத்தணுங்க. ரெண்டு நாளாகும்" என்றார் மிஸ்திரி.

"ரெண்டு நாளா? அப்பறம் ஆடியில்ல வந்துரும்!" என்று முதலாளி பதறினார். வீடு தீப்பிடித்தவர்கூட இப்படிப் பதறமாட்டார்.

மச்சினன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "இதுக்குப் போயி என்னத்துக்கு ரெண்டு நாளு? அச்சையே அப்படியே திருப்பிப் போடுங்க. இடது வலதாயிரும். மிலிட்டரியில இப்பிடித்தான் செய்வோம்."

கம்பளிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அச்சுக்கு உண்டு. சக்கரம் திரும்புகிற ஆணி அச்சு முனையில் நேர்க்குத்தாக நிற்காது, தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். வளைவு தாண்டியதும் சக்கரம் தானாக நேராவது அந்தச் சாய்வினால்தான். அச்சை முன்பின்னாகத் திருப்பினால் சாய்வும் திரும்பிவிடும். மிஸ்திரிக்கு இது தெரியும். அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "போடுங்கடா" என்றார்.

நான் மெல்ல, "முதலாளி, வளைவுல வண்டி கேக்காதுங்களே" என்றேன்.

"ஓட்டுறவன் ஓட்டுற வேலையப் பாரு. ஒன்னய எவன் கேட்டான்?" என்றார்.

புது அச்சின் பிரேக்கும் பழைய வண்டியின் பிரேக்கும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. முன் பிரேக்கே வேண்டாம் என்று கழற்றிப் போட்டார்கள். பின்னால் இரண்டு இருக்கிறதே, அது போதுமாம். பத்து இருபதுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்னால் லாரிச் சக்கரம், பின்னால் பழைய சின்னச் சக்கரம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, முதலாளியின் ஜாடையிலேயே நின்றது.

ஓட்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கொஞ்சம் திருப்பினால் அது தானாக இன்னும் திரும்பப் பார்க்கும். விட்டால் சுற்றிக்கொண்டே போய் எதிலாவது முட்டும். வளைவு முடிவதற்கு முன்பே இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்து நாளில் அந்தத் தந்திரம் எனக்குப் பிடிபட்டது. தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். வண்டி இப்படி இழுக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று ஒரு பூசணிக்காய் வாங்கி வந்து சுற்றி உடைத்தார். பூசணிக்காயின் விதை ரேடியேட்டருக்குள் போனதுதான் கண்ட பலன்.

ஆவணியில் முதலாளியின் பேரனுக்கு விராலிமலையில் முடியிறக்குவதாக வேண்டுதல். குடும்பமே வண்டியில் கிளம்பியது. முன்னால் முதலாளியும் மச்சினனும். பின்னால் தொட்டியில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள், அண்டா குண்டா, பிள்ளை. கூடவே அவர்கள் வீட்டில் சமைக்கிற அக்கா. தாலி அறுத்து அந்த வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தவர். அந்த வீட்டில் என்னை, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்ட ஒரே வாய் அவருடையது. விராலிமலை மெயின் ரோட்டில் போலீஸ் நிற்கும் என்பதால் முதலாளி பெட்டியைத் திறந்து லைசென்ஸை என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்து, மேலே ஊக்கு குத்திக்கொண்டேன். அதை அவரிடம் திருப்பித் தருவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். போய்ச் சேர்ந்து இறங்கும்வரை எதிலும் முட்டாமல் இருந்தால் போதும்.

அதனால் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். இலுப்பூர் தாண்டியதும் சந்தைக்குப் போகிற மாட்டுவண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மச்சினனுக்கு அதைவிடப் பொறுக்கவில்லை.

"மிலிட்டரி அச்ச வச்சுக்கிட்டு இப்பிடி உருட்டுறானே! எறங்கச் சொல்லுங்க மச்சான், நான் ஓட்டுறேன்."

"நிறுத்துய்யா. எறங்கு. பின்னாடி போயி ஏறிக்க" என்றார் முதலாளி.

அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. வளைவில் இழுத்துப் பிடிக்கிற தந்திரம் தெரியாது. அரை மைலில் கண்மாய்க்கரை வளைவு இருந்தது, அது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையே ஓட்டு என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். இறங்கிவிட்டால் என்ன நடந்தாலும் என் காகிதத்தில் அழுக்குப் படாது. பட்டாளத்தான் மூக்கு உடைவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை. சந்தோஷமாகவே இறங்கினேன்.

பின்னால் ஏறினேன். பிள்ளையின் தாய் கண் அயர்ந்திருந்தாள். பிள்ளை சமையல் அக்கா மடியில் இருந்தது. எனக்கு இடம் விட்டு அவர் ஒதுங்கி உட்கார்ந்தார். வண்டி வேகம் பிடித்து அந்த மாட்டுவண்டியைத் தாண்டியது. மச்சினன் ஓட்டுவதை வண்டிக்காரன் வாய் பிளந்து பார்த்தான். புளியமரங்கள் முடிந்து கரை தெரிந்ததும் நான் பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றிக்கொண்டேன். அத்தனை பேரில் நான் ஒருவன்தான் பிடித்திருந்தேன். நான் பிடிப்பதை அக்கா பார்த்தார். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவன் திருப்பினான். வண்டி மேலும் திரும்பியது. "ஏய், ஏய்!" என்று அவன் வண்டியை அதட்டியது எனக்குக் கேட்டது. கரையிலிருந்து சரிந்து கண்மாய்க்குள் இறங்கி, காய்ந்த சேற்றில் ஒருக்களித்துப் படுத்தது. அச்சு வளையவில்லை. அவன் சொன்னதில் அது மட்டும் உண்மை.

முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்பு. பெண்களுக்கு ஊமைக்காயம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அக்கா இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதனால் எதையும் பிடிக்க அவருக்குக் கையில்லை. அண்டா வந்து அவர் முழங்காலில் விழுந்திருந்தது.

ஏட்டு வந்து யார் ஓட்டியது என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். கண்ணால் கெஞ்சவும் செய்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கண்ணில் தலைக்கனம் இல்லை. "நான் ஓட்டலைங்க" என்றேன். மாட்டுவண்டிக்காரனும் ஆமாம் என்று சாட்சி சொன்னான். ஊக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அங்கேயிருந்து நடந்தேன். பத்து நாளில் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது புதுக்கோட்டை–கறம்பக்குடி லைன். முழங்கால் மடங்காத பெண்ணுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று முதலாளி அந்த அக்காவை அனுப்பிவிட்டார். அவர் வடகம் பிழிந்து கூடையில் வைத்துப் புதுக்கோட்டையில் விற்க வாரம் இரண்டு நாள் என் பஸ்ஸில் வருவார். விறைத்த காலை வெளியே நீட்டி, பக்கவாட்டில் திரும்பித்தான் படியேறுவார். நேரமாகும். கண்டக்டர் முணுமுணுப்பான்.

முதலாளியைப் பற்றியும் மச்சினனைப் பற்றியும் யாரும் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி என்னால் கதை சொல்ல முடியும். நிறையச் சொல்லியிருக்கிறேன். கதை எப்போதும் அச்சு வளையவில்லை என்கிற இடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் சொன்னதில்லை. அவர்கள் இரண்டு பேரும் தெரியாத முட்டாள்கள். நான் தெரிந்தவன்.

அக்கா என் பின்சீட்டில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "இந்தத் தம்பி மட்டும் அன்னைக்கி ஓட்டிருந்தா எங்காலு போயிருக்காது. பாவிக, இந்தப் புள்ளைய எறக்கி விட்டுட்டாக."

நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். கியரைப் போடுவதற்கு முன், "கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கங்கக்கா" என்று மட்டும் சொல்வேன்.