பின்னாலிருந்து வந்த சத்தம்

பந்தே வேண்டாம் என்று நிற்கும் அணியை எப்படித் திறப்பது என்பதைப் பற்றி ஏராளமாகப் படித்திருக்கிறேன். முழங்கால் கெட்டு லெஃப்ட் பேக் இடத்திலிருந்து நான் வெளியேறிய பிறகு, எங்கள் விவேக் நகர் அணியின் ஆட்டங்களைத் தேதிவாரியாக எழுதி வைப்பதும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்துச் சொல்வதும் என் வேலையாகிவிட்டன. படித்ததில் பாதி எங்கள் மைதானத்துக்குப் பொருந்தாது. அங்கே ஒரு மூலையில் புல்லே கிடையாது.

அந்த ஜூன் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பொம்மசந்திரா அணியோடு முதல் முறையாக மோதினோம். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கும் ஆட்கள். பெங்களூரிலேயே பிறந்தவர்கள்தான் அதில் அதிகம். கோலுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள், அவர்களுக்கு முன்னால் இன்னொரு நாலு பேர். எங்கள் கேப்டன் சர்ச் தெருவோரம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கோட்டோரம் வந்து, “ஷட்டர் போட்டுட்டானுங்கண்ணா,” என்றார்.

முதலில் இரண்டு விங்கிலிருந்தும் பந்தைத் தூக்கிப் போடச் சொன்னேன். அவர்களுடைய நடு டிஃபெண்டர்கள் இருவரும் நெட்டையர்கள். எல்லாவற்றையும் தலையால் தட்டிவிட்டார்கள். பிறகு எங்கள் விங்கர்களைக் கோட்டை ஒட்டி நிற்க வைத்து, பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக மாற்றச் சொன்னேன். அந்த ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் போல நகர்ந்தார்கள், நடுவில் இடைவெளி விழவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஃபார்வர்ட் எங்கே போனாலும் நெட்டையர்களில் ஒருவன் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டே போனான். பந்தைவிட இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஃபார்வர்ட் தூத்துக்குடிக்காரன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை, ஹெப்பகோடியில் அறை. எங்களோடு சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. புதன்கிழமை பயிற்சிக்கு அவனால் வர முடியாது, ஞாயிறு மட்டும்தான். ஹாஃப் டைமில் நான் சொன்ன யோசனை எளிமையானது. வலது பக்கத்திலிருந்து பந்து தரையோடு வரும். ஃபார்வர்ட் அதை வாங்குவது போல நிற்பான். நெட்டையன் முதுகில் வந்து விழுவான். கடைசி நேரத்தில் ஃபார்வர்ட் காலை அகட்டிப் பந்தைப் போகவிட்டால், பின்னால் ஓடி வரும் கேப்டனுக்குக் கோல் திறந்து கிடக்கும்.

நான் வலது விங்கருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, ஃபார்வர்டுக்குச் சொல்லும் பொறுப்பைக் கேப்டன் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதன் வால் மட்டும் என் காதில் விழுந்தது: “நானு பின்னாடி வந்து பிடுன்னு கத்துவேன். அவ்ளோதான், யோசிக்காத.”

இரண்டாம் பாதியில் மூன்று முறை அந்தப் பந்து வந்தது. மூன்று முறையும் கேப்டன் கத்தினார். மூன்று முறையும் ஃபார்வர்ட் பந்தை நிறுத்தி வைத்துக்கொண்டான், நெட்டையன் மோதிப் பிடுங்கிக்கொண்டு போனான். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

முடிந்ததும் பார்த்தால் ஃபார்வர்ட் எதிரணி கோல்கீப்பரோடு தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே அறையில் தங்குபவர்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய கம்பெனி வேனிலேயே ஏறிப் போய்விட்டான்.

“நம்மகூட ஆடுறான், அவங்ககூட தூங்குறான்,” என்றார் கேப்டன். “பந்த விடுன்னு சொன்னா கட்டிப் புடிச்சிக்கிறான். இது தானா நடக்கறதில்லண்ணா.”

புதியவன், பதற்றத்தில் மறந்திருப்பான் என்று நான் சொன்னேன். மூணு தடவையுமா என்று கேட்டார். அடுத்து வந்த ஆட்டங்களில் அவன் நன்றாகத்தான் ஆடினான், இரண்டு கோலும் போட்டான். அதுவும் சந்தேகத்தில்தான் போய்ச் சேர்ந்தது. மற்றவர்களோடு ஆடினால் கோல், பொம்மசந்திராவோடு ஆடினால் இல்லை. அவன் போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினால் நானும் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஆகஸ்டில் அரையிறுதி, அதே பொம்மசந்திராவோடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, தெரு முழுக்க சர்ச்சின் நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, கேப்டன் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். ஃபார்வர்டிடம் மட்டும் ஒரு பொய்த் திட்டம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இந்த முறை முழுக்க இடது பக்கத்திலிருந்துதான் தாக்கப்போகிறோம் என்பது அந்தப் பொய். “ஞாயித்துக்கெழம அவனுங்க லெஃப்டை அடைச்சா தெரிஞ்சிடும். அப்படி இருந்தா ஹாஃப் டைமோட ஜெர்சிய கழட்ட வேண்டியதுதான்.” நல்ல சோதனையா என்று கேட்டார். ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் இடது விங்கர்மேல் இரண்டு பேரை நிறுத்தினார்கள்.

கேப்டன் மைதானத்தின் நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் இடது விங்கர் அணியிலேயே வேகமானவன். அந்த சீசன் முழுக்க நாங்கள் இடது பக்கமாகத்தான் போயிருந்தோம். எங்களை ஒருமுறை பார்த்த எவரும் அங்கேதான் ஆள் போடுவார்கள். அந்தப் பொய் எதையும் சோதிக்கவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது. அதற்குள் வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது, கேப்டன் கத்தினார், ஃபார்வர்ட் மறுபடியும் பந்தை நிறுத்தி வைத்துக்கொண்டான்.

ஹாஃப் டைமில் கேப்டன் நேராக அவனிடம் போனார்.

“ஜெர்சிய கழட்டு.”

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?”

“அங்க இன்னா பாக்கிற? லெஃப்டுன்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அங்க எப்படி ரெண்டு பேரு நிக்கிறான்? ரூம்ல போய் ஒப்பிச்சியா?”

இது எங்கள் வழக்கமான இடது பக்கம்தான் என்று நான் குறுக்கிட்டேன். கேப்டன் கையை மட்டும் காட்டினார். “அத வுடுங்கண்ணா. தொண்ட கிழிய பிடு பிடுன்னு கத்தறேன். வேணும்னே புடிச்சி வெச்சிக்கிறான்.”

“பிடிக்கத்தான அண்ணே சொன்னிய?” என்றான் அவன். “நீங்க வாரவரைக்கும் பிடிச்சி வச்சிருந்து ஒங்களுக்குக் குடுக்கணும்னு நெனச்சேன். நீங்க வாரதுக்குள்ள அவன் இடிச்சிருதான்.”

பிறகு எங்கள் கோல்கீப்பர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

‘பிடு’ கன்னடச் சொல். விடு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும்போதும் அதைத்தான் சொல்வோம், சொல்கிறோம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. எழுதினால் தமிழில் ‘பிடு’வுக்கும் ‘பிடி’க்கும் ஒரே ‘ப’தான். தூத்துக்குடிக் காதில் அது பிடி என்று விழுந்திருக்கிறது. பெங்களூரில் பிடியைத்தான் பிடு என்கிறார்கள் போல என்று அவன் நினைத்துக்கொண்டானாம். ஊருக்கு ஊர் பேச்சு மாறும் அல்லவா என்றான். விடச் சொன்னதைப் பிடித்து, பிடித்ததற்காகவே காட்டிக்கொடுப்பவன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

ஜெர்சி கழலவில்லை. இரண்டாம் பாதியில் முதல் சத்தத்துக்கு அவன் சரியாகக் காலை அகட்டினான். பந்து கேப்டனிடம் போனது, அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆனால் எதிரணியிலும் எல்லோருக்கும் கன்னடம் தெரியும். அதுவரை ஃபார்வர்ட் பந்தை விடாததால் அந்தச் சத்தத்தை அவர்கள் சட்டை செய்யவில்லை. அடுத்த முறை கேப்டன் கத்தியதும் நெட்டையன் ஃபார்வர்டை விட்டுவிட்டுக் கேப்டனை நோக்கிப் பாய்ந்தான். அந்த வழியும் அடைபட்டது. நான் வேறு வழி யோசித்துக்கொண்டிருந்தேன். பந்து வெளியே போயிருந்த இடைவெளியில் ஃபார்வர்ட் கேப்டனின் பக்கத்தில் போய்ச் சொன்னது கோட்டோரம் எனக்குக் கேட்டது.

“அவனுவளும் கேக்கானுவண்ணே. நீங்க பிடுன்னே கத்துங்க. நான் பிடிச்சிருதேன்.”

கேப்டன் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

பந்து வந்தது. கேப்டன் கத்தினார். நெட்டையன் கேப்டனிடம் ஓடினான். ஃபார்வர்ட் பந்தை நிறுத்தினான், முதுகில் யாரும் இல்லை, அவசரமே இல்லாமல் திரும்பித் தன் அறைத்தோழனுக்கு எட்டாத மூலையில் தள்ளினான். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

கேப்டன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். எல்லோருக்கும் டீ வாங்கினார். ஃபார்வர்ட் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

“அண்ணே, அந்த லெஃப்ட் விஷயம்.”

“இப்ப எதுக்குடா அது?”

“எனக்கு வேணும்ணே. நான் போய்ச் சொன்னேனா, சொல்லலையா?”

கேப்டன் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார். “சொல்லலன்னே வெச்சிக்கலாம்.”

அவன் டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பெனி வேன் வாசலில் நின்றிருந்தது, எதிரணி கோல்கீப்பர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். அவன் அதில் ஏறவில்லை, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.

எங்களை விட்டு அவன் போகவில்லை. இப்போதும் எங்கள் ஃபார்வர்ட் அவன்தான், அவன் இடத்தைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. ஆனால் கேப்டன் ஒரு திட்டம் சொன்னால் கேட்டுக்கொண்டு நேரே என்னிடம் வருவான். “இதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காவளா அண்ணாச்சி?” ஆமாம் என்பேன். பிறகு இடது விங்கரிடமும் போய்க் கேட்பான்.

போன ஞாயிறும் ஒரு அணி கோலை அடைத்துக்கொண்டு நின்றது. வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது, பின்னாலிருந்து கேப்டன் கத்தினார். ஃபார்வர்ட் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தான். அதற்குள் பந்து அவன் குதிகாலில் பட்டு வெளியே போனது. கோல் கிக்குக்காக இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி நடந்தார்கள்.