கட்டை நம்பினார்கள், இதயத்தைக் கேட்கவில்லை

என் இளவலின் உடல் திருப்பதிப் பிணவறைக்குச் சென்றபோது அதன் இடத் தோளையும் மார்பையும் சுற்றி எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு இருந்தது. அந்தக் கட்டைச் சாட்சியாக வைத்துத்தான் என் மகனைக் கொலைகாரன் என்றார்கள்.

புத்தூருக்கும் நகரிக்கும் இடையே எனக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு மாந்தோப்பு உண்டு. அன்று தண்ணீர் மோட்டார் யார் முறை என்று என் மகனுக்கும் அவன் சித்தப்பனுக்கும் காலையில் வாய்ச்சண்டை. மகன் அவரைத் தோளில் கைவைத்துத் தள்ளினான். அவர் வரப்பில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தே போனார். நண்பகலில் இடக்கை வலிக்கிறது, மார்பை அடைக்கிறது என்று சொல்லி வியர்வையில் நனைந்தார்.

"புள்ள தள்ளினதுல நரம்பு பெசகிக்கிச்சி. புத்தூருக்கு இட்டுக்கினு போங்க" என்றாளாம் அவர் மனைவி. எங்கள் பக்கத்தில் கைவலி என்றால் வேறு யோசனையே எழாது. கட்டுப் போடுகிறவரிடமும் கீழே விழுந்தார் என்று மட்டுமே சொன்னார்கள். அவரைக் குறை கூற மாட்டேன். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே உயிர் போயிற்று.

சித்தூரில் ஒரு திருமணத்தில் இருந்த நான், பங்காளிகள் மகன் மேல் புகார் கொடுத்ததைக் கேட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடினேன்.

"பெத்தாயனா, அடி படாதவனுக்கு எவனாவது கட்டு போடுவானா?" என்று, பெரியவரே எனத் தெலுங்கில் விளித்துக் கேட்டார் எஸ்.ஐ.

புகார் கொடுக்க வந்திருந்த பங்காளி ஒருவன் சிரித்தான். "பெரியப்பா தினம் பேப்பர் படிக்கிறவரு சார். புள்ளைக்கு ஒரு சட்டம் எடுத்துக்கினு வருவாரு."

அன்றே மகன் சிறைக்குப் போனான்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் ஒருவர்தாம் என்னை உட்காரச் சொல்லிப் பேசினார். "கட்டைப் பிரிச்சுப் பாத்தேன் ஐயா. எலும்பு எதுவும் உடையல. இதயத் தசை சேதமானா டிரோபோனின்னு ஒரு புரதம் ரத்தத்துல கசியும், இதயத்தைச் சுத்தி இருக்கிற நீர்லயும் சேரும். ரெண்டையும் எடுத்து வச்சிருக்கேன். செத்த பிறகும் அது தானா ஏறும். அதனால தசையையும் மைக்ராஸ்கோப்புல பாத்துதான் சொல்ல முடியும்."

இதை நான் நிலையத்தில் சொன்னபோது எஸ்.ஐ. கொட்டாவி விட்டார். கட்டை ஒரே பார்வையில் நம்பிய நிலையம், புரதத்தைச் சோதனைக்கு அனுப்பவே வாரங்களைக் கடத்தியது. அனுப்பியாயிற்றா என்று கேட்கப் போன ஒவ்வொரு முறையும் நான் வாசலில் நின்றேன். கட்டின் துணியும் மருந்துச் சாந்தும் பேசிய பொய்க்கு நாற்காலி. ஒரு மனிதனின் இதயம் சொல்லவிருந்த மெய்க்கு வாசற்படி. இது என்ன நியாயம்?

முடிவு வந்தது. புரதம் மிகுந்திருந்தது, இதயக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தது, தசையின் அழிவு சண்டைக்கு முந்தைய நாளே தொடங்கியிருந்தது. மூன்றும் ஒன்றையே சொன்னதால் மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார்.

தம்பி மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. "ஆமா மாமா, மொத நாளே நெஞ்சு எரியுதுன்னு சோடா வாங்கிக் குடிச்சாரு. யாரும் என்னைக் கேக்கல."

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. பங்காளிகள் கேட்கவில்லை, சட்டம் கேட்கவில்லை.

மகன் வீடு திரும்பினான். மோட்டார் கொட்டகைப் பக்கம் அவன் போவதில்லை. "நைனா, நான் தள்ளினது நெஜந்தானே" என்கிறான். எந்த அறிக்கையைப் படித்துக் காட்டியும் அவனைத் தேற்ற முடியவில்லை. பழி சுமத்தியவர்களோ ஒன்றும் நடவாதது போல் எங்கள் வீட்டில் வந்து மோர் கேட்டுக் குடிக்கிறார்கள்.

அந்தப் புரதத்தை உயிரோடு இருப்பவர் இரத்தத்திலும் பார்க்கலாமாம். அன்று கட்டுக்குப் போன ஆட்டோ, புத்தூரில் இரத்தம் சோதிக்கும் கடையைத் தாண்டித்தான் போனது. அதன் பலகையில் இதயப் பரிசோதனை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. இப்போது அவ்வழியே போகும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். படித்துவிட்டுப் பல்லைக் கடிக்கிறேன்.